இலை மஞ்சளாகிறது, பறிப்பு பாக்கி இருக்கிறது: தக்காளியின் கடைசி வாரங்களில் எந்த வழி?

தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு ஏக்கர் தக்காளி. தை கடைசியில் நட்டோம். குச்சி நட்டுக் கயிறு கட்டிய கலப்பினம், சொட்டுநீர், மண்ணை மூட மல்ச்சிங் சீட். இன்றைக்கு எழுபத்தெட்டாவது நாள். நான்கு பறிப்பு முடிந்துவிட்டது. போன வாரம் அடி இலைகளில் மஞ்சள் தெரிய ஆரம்பித்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இடுப்பு உயரம் வரை ஏறிவிட்டது.

இந்த நேரத்தில் வயலைப் பார்க்கிற ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். "செடி ஓய்ந்துபோச்சு, விடு" என்பார் ஒருவர். "பதிமூணு நாப்பத்தஞ்சு அடிச்சா ரெண்டே நாள்ல திரும்பிடும்" என்பார் இன்னொருவர், அதாவது நூற்றுக்கு 13 பங்கு தழைச்சத்தும் 45 பங்கு பொட்டாஷும் உள்ள 13:0:45 உரத்தை. மருந்துக் கடையில் கேட்டால் நான்கு பாக்கெட்டை எடுத்து மேசையில் வைப்பார்கள். நட்ட இருபதாம் நாளில் இலை மஞ்சளானால் யோசிக்க அதிகம் இல்லை, சத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். எழுபத்தெட்டாவது நாளில் கணக்கு வேறு. இப்போது கொடுக்கிற சத்து செடிக்குள் போய், காய்க்குப் போய், அந்தக் காய் மண்டிக்குப் போவதற்கு நாள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இலையைப் பச்சையாக்குவதும் பழத்தை நல்ல பழமாக்குவதும் கடைசி வாரங்களில் ஒரே வேலை இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பட்டம், அதாவது இரண்டு சாகுபடிப் பருவம் ஆனது, அதற்குள் நிறையப் பணமும் போனது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு செடியைப் பிடுங்குங்கள்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், இது சத்துக் குறைவுதானா என்று பார்த்துவிட வேண்டும். நன்றாக மஞ்சளான ஒரு செடியை வேரோடு பிடுங்கித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. அந்த வேரால் தண்ணீரையே சரியாக எடுக்க முடியாது, நீங்கள் விடுகிற உரத்தை எங்கே எடுக்கும்? இலையில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி இருந்தால் அது இலைக்கருகல். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை போலத் தெரிந்து, மேலே பொடிப்பொடியாக வெளுத்திருந்தால் சிலந்திப்பேன். எங்கள் பக்கத்து வெயிலில் பங்குனி, சித்திரையில் அது வராத வயல் குறைவு. நுனி சுருண்டு, இலை சிறுத்து, செடி குட்டையாகிவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். இவை எதற்கும் உரம் மருந்தாகாது.

வேர் வெள்ளையாக, நன்றாக இருக்கிறதா? அப்படியானால் மஞ்சள் எங்கே ஆரம்பித்தது என்று பாருங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), பொட்டாஷ், மெக்னீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கும் காய்க்கும் கொடுத்துவிடும், அதனால் அடி இலை முதலில் காட்டும். இரும்பு, கால்சியம், போரான் அப்படி நகராது. அவற்றின் குறை நுனியில் தெரியும், காயில் தெரியும்.

அடி இலை முழுக்க ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து. நரம்பு பச்சையாக இருந்து, நடுவில் மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். ஓரம் தீய்ந்த மாதிரி காய்ந்து உள்நோக்கி வந்தால் பொட்டாஷ். நுனி இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. எங்கள் பகுதி போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, காரத்தன்மையும் உண்டு. மண்ணில் இரும்பு இருந்தாலும் அந்தத் தண்ணீரில் வேருக்குக் கிடைக்காமல் போய்விடும்.

என் வயலில் இருப்பது நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள். அங்கங்கே ஓரம் தீய்ந்த இலையும் உண்டு.

பத்துச் செடியில் காயை எண்ணுவது

இதை யாரும் செய்யச் சொல்லி நான் கேட்டதில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன். வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை குறுக்காக நடந்து, வழியில் பத்துச் செடியில் இருக்கிற காயை எண்ணிக் குறித்துக்கொள்வேன். கோலிக்குண்டு அளவுப் பிஞ்சைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பூ பிடித்ததிலிருந்து காய் முழு அளவுக்கு வர ஐந்து வாரம் வரை ஆகும், அதற்கப்புறம் பழுக்க வேறு வேண்டும். அந்தப் பிஞ்சு பழமாக இன்னும் ஒரு மாதம் ஆகும். வைகாசியில் மாங்காய் பறிப்பும் கூழ் ஆலை வேலையும் மும்முரமாகிவிட்டால், தக்காளி பறிக்க வருகிற பெண்கள் கிருஷ்ணகிரி பக்கம் போய்விடுவார்கள். எனக்குக் கிடைப்பது மூன்று வாரம், ஐந்தாறு பறிப்பு, அவ்வளவுதான்.

இந்த முறை சராசரியாகச் செடிக்கு ஒன்பது காய் வந்தது. ஏக்கரில் ஏறக்குறைய 7,000 செடி நிற்கிறது. காய் ஒன்றுக்கு 70 கிராம் என்று வைத்தால் 4,400 கிலோ. 25 கிலோ பிடிக்கிற பெட்டியில், அதாவது கிரேடில் போட்டால் சுமார் 175 கிரேடு. இனி நான் செலவழிக்கப்போகும் ஒவ்வொரு ரூபாயும் இந்த 175 கிரேடுக்காகத்தான். இலைக்காக இல்லை.

விட்டுவிடுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கவேண்டாம். அறுவடை நெருங்கும்போது அடி இலை மஞ்சளாவது பாதி இயற்கை. செடி தன்னிடம் இருப்பதைக் காய்க்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. முழு அளவுக்கு வந்துவிட்ட காய்க்கு இனி இலையிலிருந்து வரவேண்டியது குறைவு. நிறம் உடையத் தொடங்கிய, அதாவது பச்சை மாறத் தொடங்கிய காயைப் பறித்து வீட்டில் வைத்தாலே பழுத்துவிடும் என்பது நமக்குத் தெரியாததா?

எண்ணிப் பார்த்ததில் செடிக்கு மூன்று நான்கு காய்தான் மிச்சம், அதுவும் எல்லாம் முற்றியது என்றால் விட்டுவிடுவதே சரியான முடிவு. தண்ணீரை மட்டும் சீராகக் கொடுங்கள், போதும். மஞ்சள் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் கீழே நின்றுவிட்டாலும் அப்படியே விடலாம்.

விடக்கூடாத நிலை ஒன்று உண்டு. மேல் இலையும் உதிர ஆரம்பித்துக் காய் வெளியே தெரிந்தால் வெயில் சும்மா விடாது. சித்திரை வெயில் நேராகப் பட்ட பக்கம் வெளுத்து, மெத்தென்று ஆகி, அப்புறம் கறுத்துவிடும். அந்தக் காயை மண்டியில் தரம் பிரிக்கும்போது ஒதுக்கிவிடுவார்கள். தளி, தேன்கனிக்கோட்டை மாதிரி மேட்டுப் பகுதியில் வெயில் கொஞ்சம் தணிவு. பாலக்கோடு, தருமபுரி சமவெளியில் அந்தச் சலுகை கிடையாது.

தெளிப்பது

பெரும்பாலானவர்கள் போகிற வழி இது. பலன் கண்ணுக்குத் தெரிவதும் இதில்தான் சீக்கிரம், நான்கைந்து நாளில் இலை மாறும். ஆனால் எந்தச் சத்தைத் தெளிக்கிறோம் என்பதைப் பொறுத்து இது அருமையான வழியாகவும் இருக்கும், வெறும் செலவாகவும் போகும். கணக்குப் போட்டுப் பார்த்த நாளில்தான் எனக்கே இது விளங்கியது.

100 கிராம் தக்காளிப் பழத்தில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. மூட்டையில் எழுதியிருக்கிற பொட்டாஷ் கணக்குக்கு மாற்றினால், ஒரு டன் பழத்தோடு கிட்டத்தட்ட 3 கிலோ பொட்டாஷ் வயலை விட்டுப் போகிறது. என்னுடைய 4,400 கிலோவுக்கு 12 கிலோவுக்கு மேல். இப்போது 13:0:45 எடுத்து லிட்டருக்கு 5 கிராம் கலந்து, ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்கிறேன். மொத்தம் 1 கிலோ உரம். அதில் பொட்டாஷ் 450 கிராம். தெளித்தது சொட்டுவிடாமல் அத்தனையும் இலைக்குள் போனதாகவே வைத்துக்கொண்டாலும், காய்களுக்கு வேண்டியதில் நூற்றுக்கு நான்கு பங்கு கூட வரவில்லை.

மெக்னீசியத்துக்கு இதே கணக்கு எப்படி வருகிறது பாருங்கள். 100 கிராம் பழத்தில் சுமார் 11 மில்லிகிராம்தான் மெக்னீசியம். 4,400 கிலோவுக்கும் சேர்த்து அரை கிலோவுக்குள் அடங்கும். மெக்னீசியம் சல்பேட்டை லிட்டருக்கு 10 கிராம் வீதம் 200 லிட்டர் தெளித்தால் 2 கிலோ உரம், அதில் 190 கிராம் மெக்னீசியம். ஒரே தெளிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! விலையும் 13:0:45-ஐ விட எவ்வளவோ குறைவு.

அதனால் என் முடிவு இது: செடிக்குக் கொஞ்சமாக வேண்டிய சத்துகளுக்குத் தெளிப்பு நல்ல வழி. மெக்னீசியம், இரும்பு, துத்தநாகம், போரான் எல்லாம் அந்த வகை. நிறைய வேண்டிய பொட்டாஷுக்கு அது வழியே இல்லை. 13:0:45 தெளித்ததும் இலை பளபளப்பதைப் பார்த்துப் பழத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். தெளிப்பில் அந்தப் பளபளப்பைத் தருவதில் பெரும் பங்கு அதிலுள்ள தழைச்சத்துக்கு.

நுண்ணூட்டக் கலவை தெளிக்கிறவர்களுக்கு ஒரு சொல். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெஜிடபிள் ஸ்பெஷல் எங்கள் பக்கம் நன்கு புழங்குகிறது. தக்காளிக்கு லிட்டருக்கு 5 கிராம், கூடவே எலுமிச்சைச் சாறும் ஷாம்பூவும் கலக்கச் சொல்வார்கள். கடினத் தண்ணீரின் காரத்தை எலுமிச்சை குறைக்கும், கரைசல் இலையில் படிந்து நிற்க ஷாம்பூ உதவும். நல்ல கலவை, ஆனால் நட்ட முப்பதாம் நாளிலிருந்து மாதம் ஒருமுறை தெளித்து வந்தால்தான் அதன் முழுப் பலன். கடைசிப் பறிப்புகளுக்கு நடுவில் முதல் தடவையாகத் தெளித்துவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்கக் கூடாது. போரானை மட்டும் கண்ணளவில் போட்டுவிடாதீர்கள். குறைவுக்கும் நஞ்சாவதற்கும் இடையில் இடைவெளி மிகச் சிறியது. லிட்டருக்கு 1 கிராமைத் தாண்டவேண்டாம்.

தெளிப்பு எதுவானாலும் பறித்த அன்று சாயங்காலம் தெளிப்பதுதான் நல்லது. பழுத்த பழத்தில் பட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும், வியாபாரி அதைப் பூச்சிமருந்து என்று நினைத்து விலையைக் குறைப்பார். காலை பத்து மணிக்கு மேல் தெளித்தால் இந்த வெயிலில் இலை நுனி கருகிவிடும். இலையில் சத்து இல்லை என்று தெளிக்கப் போய் இருக்கிற இலையையும் எரித்துக்கொள்வது எதற்கு?

சொட்டில் கொடுப்பது

பொட்டாஷ் குறைவுதான் என்றால், மூன்று வாரம் கையில் இருக்கிறது என்றால், வேர் நன்றாக இருக்கிறது என்றால், இதுதான் வழி. மூன்றும் சேர்ந்து இருக்கவேண்டும், ஒன்று குறைந்தாலும் போட்ட பணம் அடுத்த பயிருக்குத்தான் போகும். சொட்டில் போகிற உரம் பலன் காட்ட ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதை மறக்கக்கூடாது. கடைசி இரண்டு பறிப்புக்காகச் சொட்டில் கொடுப்பது வீண்.

என் வயலுக்குக் கணக்குப் போட்டேன். சல்பேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது 0:0:50, வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 3 கிலோ. மூன்று வாரத்தில் 18 கிலோ உரம், 9 கிலோ பொட்டாஷ். காய்களோடு போகிற 12 கிலோவில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. செலவு எனக்கு ஏறக்குறைய 2,500 ரூபாய். கூடுதல் கூலி இல்லை, உரக் கரைசலைச் சொட்டுக் குழாய்க்குள் இழுத்துவிடுகிற வெஞ்சூரியைத் திறந்துவிட்டால் போதும்.

ஏன் 13:0:45 இல்லாமல், தழைச்சத்தே இல்லாத 0:0:50? போன ஆடிப் பட்டத்தில் செய்த தவறு எனக்கு மறக்கவில்லை. அடி இலை வெளுத்ததைப் பார்த்துப் பயந்து, ஒரே வாரத்தில் இரண்டு தடவையாக 10 கிலோ யூரியாவைச் சொட்டில் விட்டேன். ஆறாம் நாள் வயல் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இலைக் கணுவில் புதுத் தளிர் வெடித்தது, பூவும் வந்தது. ஆனால் நிற்கிற காய் சிவக்கவில்லை. கடைசி நேரத்துத் தழைச்சத்து செடியை மறுபடி வளர்ச்சிக்குத் திருப்பிவிடும், பழுப்பது தள்ளிப்போகும், தோல் மெலிந்து பழம் மெத்தென்று ஆகும். எங்களுக்குப் பறிப்பு பத்து நாள் தள்ளிப்போனது, அதற்குள் விலை பாதியானது. ராயக்கோட்டை மண்டிக்குக் கொண்டுபோன பழத்தில் அடியில் இருந்த கிரேடெல்லாம் நசுங்கியிருந்தது. அத்தை அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "அடுத்த தடவை யூரியா மூட்டையை அறுவடைக்கு முன்னாலயே யாருக்காவது குடுத்துடும்மா" என்றார். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

சொட்டில் இன்னொரு விபத்தும் நடந்திருக்கிறது. கடையில் கொடுத்த கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் ஒரே வாளியில் கரைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாளி பால் மாதிரி ஆனது. கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாகப் படிந்துவிட்டது. அது வடிகட்டியில் அடைத்து, சொட்டு ஓட்டைகளில் அடைத்து, நான்கு வரிசை செடிக்கு இரண்டு நாள் தண்ணீரே போகவில்லை. கால்சியம் நைட்ரேட்டை எந்தச் சல்பேட்டோடும், எந்த மணிச்சத்து உரத்தோடும் ஒன்றாகக் கரைக்கக்கூடாது. வேறு வேறு நாளில் கொடுத்து, நடுவில் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவவேண்டும்.

பொட்டாஷை அள்ளிக் கொட்டினாலும் சிக்கல் உண்டு. பொட்டாஷ் அதிகமானால் வேர் மெக்னீசியத்தை எடுப்பது குறையும். கடைசி நேரத்தில் நரம்பு பச்சையாக நின்று நடுவில் மஞ்சளாவதற்குப் பல வயல்களில் இதுவே காரணம். காய் பெருக்கட்டும் என்று நாம் கொடுத்த பொட்டாஷ் மெக்னீசியத்தைத் தள்ளிவிட்டிருக்கும். அதனால் சொட்டில் பொட்டாஷ் போகிற வாரத்தில் மெக்னீசியத்தை இலை வழியாகக் கொடுப்பது நல்ல ஜோடி. இரண்டும் இரண்டு வழியில் போகின்றன, வேரில் அடித்துக்கொள்வதில்லை.

காயின் அடி கறுப்பது தனிக் கதை

இதைச் சத்துப் பட்டியலில் சேர்க்கவே எனக்கு மனமில்லை, ஆனாலும் எழுதியாக வேண்டும். காயின் பூமுனையில், அதாவது அடிப்பக்கம், தோல் போலக் கறுத்து உள்ளே குழிவது கால்சியக் குறை. உடனே கால்சியம் வாங்கித் தெளிக்க ஓடுவோம். 100 கிராம் பழத்தில் கால்சியம் 10 மில்லிகிராம்தான். இவ்வளவு குறைவாக வேண்டிய ஒன்று காய்க்குக் கிடைக்காமல் போவதற்கு, பெரும்பாலும் மண்ணில் இல்லாதது காரணம் இல்லை. கால்சியம் தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும், அந்தத் தண்ணீரை இலைதான் அதிகம் இழுக்கும். காய் நீரை ஆவியாக விடுவது மிகக் குறைவு, அதனால் அதன் பங்கு சிறியது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக விட்டால், காய்க்குப் போகிற அந்தச் சிறிய பங்கும் அறுந்துவிடும். இலையில் தெளித்த கால்சியமும் இலையை விட்டுக் காய்க்கு நகராது. காயின் மேல் படுகிற துளி மட்டும் கொஞ்சம் உதவும், அதுவும் காய் சின்னதாக இருக்கும்போதுதான்.

கறுத்த காய் திரும்பாது. அதைப் பறித்து எறிந்துவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று மணி நேரம் விடுகிற தண்ணீரைத் தினமும் காலை ஒன்று, சாயங்காலம் அரை மணி நேரமாக மாற்றினாலே அடுத்த தொகுதிக் காய் பெரும்பாலும் தப்பிக்கும். மின்சாரம் வருகிற நேரத்துக்கு ஏற்ப விடவேண்டிய நம் நிலைமை எனக்குத் தெரியும். ஆனாலும் இதில் காசு கேட்காத ஒரே மருந்து இந்தத் தண்ணீர் முறைதான்.

முன்கூட்டிப் பறிப்பது

செடியைச் சரிசெய்யாமல் காயை மட்டும் காப்பாற்றும் வழி இது. முழுச் சிவப்புக்காகக் காத்திருக்காமல், அடியில் லேசாக நிறம் உடைந்ததுமே செங்காயாகப் பறித்துவிடுவது. இலை கொட்டுகிற செடியில் பழத்தை நான்கு நாள் அதிகமாக விட்டால் வெயில் சூடு, வெடிப்பு, பறவை என்று இழப்புதான். சென்னைக்கும் அதற்கப்பாலும் போகிற லாரிக்குச் செங்காய்தான் வேண்டும். வழியில் பழுத்துக்கொள்ளும், நசுங்காது. உள்ளூர்ச் சந்தைக்கும் ஓட்டல்களுக்கும் சிவப்பாகத்தான் கேட்பார்கள். ஆகவே உங்கள் காய் எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த முடிவு பாதி முடிந்துவிட்டது.

நிறம் பற்றி ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். காம்புப் பக்கம் தோள் மஞ்சளாகவே நின்று சிவக்காமல் இருந்தால் பொட்டாஷ் குறை என்பார்கள். உண்மைதான், ஆனால் கோடையில் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு நிறமான லைகோபீன் உருவாவது தடைப்படும், மஞ்சள் நிறம் மட்டும் வந்துகொண்டிருக்கும். சித்திரையில் நம் ஊர் மதியத்தில் பழம் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். செங்காயாகப் பறித்து நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நன்றாகச் சிவந்தால் உங்கள் வயலில் பொட்டாஷ் குறைவில்லை, வெயில்தான். இந்தச் சோதனைக்கு ஒரு கிரேடு போதும். உரத்துக்குச் செலவழிக்கும் முன் அதைச் செய்துவிடுங்கள்.

விலையையும் சேர்த்துப் பார்த்தால்

ஒரு ஏக்கருக்கு ஒரு தெளிப்பு, ஆள் கூலியோடு, எனக்கு ஆயிரம் ரூபாயைத் தொடுகிறது. தக்காளி கிலோ 8 ரூபாய்க்குப் போனால் ஒரு கிரேடு 200 ரூபாய். அந்தத் தெளிப்பு ஐந்து கிரேடையாவது கூடுதலாகக் காப்பாற்றினால்தான் செலவே திரும்பும். கிலோ 30 ரூபாய் என்றால் ஒன்றரைக் கிரேடு போதும். 2023 ஜூலையில் சென்னையில் கிலோ நூறைத் தாண்டி, ரேஷன் கடையில் அரசே 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது நினைவிருக்கும். அப்போது செடியில் ஒரு காய் மிச்சமிருந்தாலும் காப்பாற்றியது நியாயம். கிலோ மூன்று நான்கு ரூபாய்க்கு விழுந்து, பறிப்புக் கூலியும் கமிஷனும் வண்டி வாடகையும் போக ஒன்றும் மிஞ்சாத வாரங்களும் நம் எல்லோருக்கும் தெரியும். அந்த விலையில் எந்தச் சத்தையும் வாங்கவேண்டாம் என்று நெஞ்சாரச் சொல்கிறேன். செடி மேல் இருக்கிற பாசத்தில் கடைசிக் காசையும் வயலில் போட்டுவிட்டு, அடுத்த பட்டத்துக்கு நாற்று வாங்கக் கடன் கேட்டு நின்றவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் கொடுக்கிறவர்கள் உண்டு. முதலிலிருந்து கொடுத்து வந்தவர்கள் நிறுத்தவேண்டியதில்லை. மண்ணில் போடுகிற எந்த இயற்கை உரமும் கடைசி மூன்று வாரக் குறையைத் தீர்க்கிற வேகத்தில் வேலை செய்யாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

சிலருக்கு இந்த நேரத்தில் சரியான முடிவு செடியைப் பிடுங்கிவிடுவதாகவும் இருக்கலாம். வேரில் நூற்புழு, இலையில் வைரஸ், செடிக்கு மூன்று காய், விலையும் இல்லை என்றால் குச்சியையும் கயிற்றையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அந்த இடத்தில் மிளகாயோ கத்தரியோ வேண்டாம், அவை தக்காளியின் குடும்பம், அதே நோய் தொற்றும். செண்டுமல்லி போட்டால் நூற்புழு குறையும், பூவுக்கு நம் பக்கம் சந்தையும் இருக்கிறது.

எங்கள் வயலில் என்ன செய்கிறோம்

வேரில் முடிச்சு இல்லை. செடிக்கு ஒன்பது காய். மூன்று வாரம் கையில் இருக்கிறது. விலை இன்றைக்குக் கிலோ 14. நடு மஞ்சள் அதிகம், ஓரக் கருகல் கொஞ்சம். ஒரு கிரேடு செங்காயை மாட்டுக் கொட்டகை நிழலில் வைத்துப் பார்த்தேன். நான்காம் நாள் பாதிக்கு மேல் நன்றாகச் சிவந்தது. சிலதில் தோள் மட்டும் மஞ்சளாகவே நின்றது. அதனால் பொட்டாஷ் குறை கொஞ்சம் உண்டு, பெரிதாக இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நாளை மறுநாள் ஐந்தாம் பறிப்பு. பறிக்க வருகிற பெண்களிடம் முழுச் சிவப்புக்குக் காத்திருக்காமல் நிறம் உடைந்ததையும் சேர்த்துப் பறிக்கச் சொல்லியிருக்கிறேன். "அப்போ இன்னும் நாலு பறிப்புல முடிஞ்சிடும்க்கா" என்றார் ஒருவர். ஆறு என்று நான் போட்ட கணக்கு அங்கேயே நான்காகச் சுருங்கியது. எத்தனை வயலில் பறித்த கை அது, என் நோட்டுப் புத்தகத்தை விட அதையே நம்புகிறேன். நான்கு பறிப்பு என்றால் பதினாறு நாள். ஆகையால் 0:0:50 உரம் 18 கிலோ வாங்கப்போவதில்லை. முதல் எட்டு நாளில் மூன்று தவணையாக 9 கிலோ உரம் மட்டும் சொட்டில் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கப்புறம் கொடுப்பது எந்தக் காய்க்கும் போய்ச் சேராது. பறித்த அன்று சாயங்காலம் மெக்னீசியம் சல்பேட் ஒரு தெளிப்பு. இலையில் மேலே ஏறுகிற மஞ்சள் நின்றால் அதோடு சரி, ஏறினால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று. தண்ணீர் தினமும் இரண்டு வேளை.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் மல்ச்சிங் சீட்டைச் சுருட்டிவிட்டு, பத்து இடத்தில் ஆங்கில வி எழுத்து மாதிரி அரை அடி ஆழக் குழி எடுத்து, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரை கிலோ பரிசோதனைக்குக் கொடுக்கவேண்டும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் எனக்குப் பக்கம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்துக்கொள்ளலாம். போர் தண்ணீரும் ஒரு பாட்டில் எடுத்துப் போகிறேன். இந்த வருடம் நுனி இலை வெளுக்கவில்லை, ஆனால் சொட்டு ஓட்டைகளில் வெள்ளைப் படிவு போன வருடத்தை விட அதிகமாகத் தெரிகிறது.